கடற்கரைக் கோயிலின் தேய்ந்த முகங்கள்

அன்புள்ள ஐயா,

போன வாரம் மாமல்லபுரம் போயிருந்தோம். கடற்கரைக் கோயிலில் பல சிற்பங்களுக்கு முகமே இல்லை. மதில்மேல் இருக்கும் நந்திகள் வெறும் கல்லாகிக்கொண்டிருக்கின்றன. ஊரெல்லாம் உளிச்சத்தம் கேட்கிறது. அந்தச் சிற்பிகளில் நான்கு பேரைக் கூப்பிட்டுத் திரும்பச் செதுக்கச் சொன்னால் என்ன? நீலப் பலகை வைத்ததோடு தொல்லியல் துறையின் வேலை முடிந்ததா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த நந்திகளைப் பார்க்கும்போது எனக்கும் மனம் கனக்கும். ஆனால் திரும்பச் செதுக்கவே கூடாது என்பேன். இன்று வைக்கிற மூக்கு இன்றைய சிற்பியின் மூக்கு. இந்தக் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துச் சிற்பியின் உளித்தடம் எங்காவது கொஞ்சம் மிச்சமிருந்தால், அதையும் அழித்துவிட்டுத்தான் அது வரும். சிதைந்த பழைய வேலை எந்தப் புது வேலையையும்விட மதிப்பு மிக்கது என்று, அன்று தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923இல் வெளிவந்த பராமரிப்புக் கையேட்டிலேயே துறையினருக்குச் சொல்லிவிட்டார்.

சரி, துறை என்னதான் செய்கிறது? கடற்காற்றில் வரும் உப்பு கல்லின் நுண்துளைகளில் இறங்குகிறது. ஈரம் காய்ந்ததும் படிகமாகிப் பருக்கிறது, கல்லின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இதற்குக் காகிதக் கூழை உப்பில்லாத நீரில் ஊறவைத்துச் சிற்பத்தின் மேல் அப்புகிறார்கள். காயும்போது கூழ் உப்பை வெளியே இழுத்துக்கொள்ளும். உரித்தெடுத்துவிட்டு, உப்பு குறையும்வரை மறுபடி மறுபடி அப்ப வேண்டும். வீக்கத்துக்குப் பற்றுப் போடுவது மாதிரிதான். கடலோ அங்கேயேதான் இருக்கிறது, அதனால் இந்த வேலைக்கு முடிவே கிடையாது. அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும், மணற்காற்றை மறிக்கும் சவுக்கு மரங்களும் இதே வைத்தியத்தைச் சேர்ந்தவை.

தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931இல் தெரியவந்தது. பிற்பாடு துறையின் வேதியியல் பிரிவினர் மேலடுக்கைச் சுரண்டி எறியாமல், சில இடங்களில் அப்படியே உரித்தெடுத்து ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பதித்தார்கள். இரண்டு காலத்து ஓவியங்களும் பிழைத்தன. எனக்கு இதுதான் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது.

நீலப் பலகை விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லி, சேதப்படுத்தினால் தண்டனை என்கிறது அது. அந்த முகங்கள் ஏன் தேய்ந்தன, கூழ் எதற்கு என்று பக்கத்திலேயே நான்கு வரி எழுதி வைத்திருந்தால், நீங்கள் இந்தக் கேள்வியோடு ஊர் திரும்பியிருக்க மாட்டீர்கள்.