எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் எதற்கு?

தம்பி, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதற்குள் எட்டாம் வகுப்பு மகனுக்கு ஹிட்லர் ஆட்சியின் யூதப் படுகொலைக் காலத்துக் கதையைப் பாடமாக வைத்துவிட்டார்கள் என்று பதறி எழுதியிருக்கிறீர்கள். "நம் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்கள். என் மகளும் அதே புத்தகத்தைப் படித்தவள்தான்.

ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் 1961இல் எழுதிய 'Damals war es Friedrich' என்ற நாவல் அது. ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு சிறுவர்களின் கதை. இருவரும் ஜெர்மானியர்கள்; ஃப்ரீட்ரிக் யூதன், கதை சொல்பவன் யூதன் அல்லாதவன். 1933இல் ஒருநாள் பந்து பட்டுக் கடைக் கண்ணாடி உடைகிறது. எறிந்தவன் கதை சொல்லும் பையன். கடைக்காரி பிடித்துக்கொள்வதோ ஃப்ரீட்ரிக்கை. "நான்தான் எறிந்தேன்" என்று இவன் சொல்லியும் அவள் நம்பவில்லை, போலீஸ்காரரும் நம்பவில்லை. நஷ்டத்தைக் கட்டியவர் ஃப்ரீட்ரிக்கின் அப்பா.

ஃப்ரீட்ரிக் ஒருவனைக் குறித்த 'இவன்' என்ற பேச்சு, யூதர் எல்லாரையும் குறிக்கும் 'இவர்கள்' என்று எங்கே மாறுகிறது என்பதைக் கோடிட்டு வரச் சொன்னாராம் என் மகளின் ஆசிரியை. பிறகுதான் கணக்கைச் சொல்லியிருக்கிறார். அன்றைய ஜெர்மனியின் ஆறரைக் கோடிப் பேரில் யூதர்கள் ஏறக்குறைய 5 லட்சம், நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1918இல் முதல் உலகப் போரில் கண்ட தோல்வி, 1929 உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பிந்தைய வேலையின்மை, எல்லாப் பழியும் அவர்கள் தலையில். பலிகடா என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பாடம் நான் கண்டதில்லை.

சம்பந்தம் கேட்டீர்களே. அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் நான், "இவர்கள் வந்து குவிந்ததால்தான் வாடகை ஏறிப்போச்சு" என்று புதிய அகதிகளைப் பற்றிச் சொன்னேன். மகள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இவர்கள் என்றால் யாரம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நாமும் இங்கே வந்து குடியேறியவர்கள்தானே.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அவனைத் தனியே படிக்க விடாதீர்கள். 1942, குண்டுவீச்சு. பதுங்கிடத்தில் இருந்த சிலர் கெஞ்சியும் வீட்டுக்காரர் ஃப்ரீட்ரிக்கை உள்ளே விடவில்லை. வாசற்படியில் இறந்து கிடக்கிறான். "அத்தனை பேர் இருந்தும் ஒரு ஆளை மீறிக் கதவைத் திறக்க முடியவில்லையா?" என்று என் மகள் அழுதாள். உங்கள் மகனும் கேட்பான். அன்று மாலை வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுங்கள்.