காசிமேடு மீன் பெட்டிக் கணக்கு
தம்பி, 20 கிலோ மீன் பெட்டியைக் குனிந்து தூக்குபவரின் முதுகுத் தசை 160 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுப்பதாக விடை வருகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை. கீழ்முதுகு மூட்டிலிருந்து பெட்டி 40 செ.மீ. தள்ளி இருக்கிறது, முதுகெலும்பை ஒட்டிய தசைக்குக் கிடைப்பதோ சுமார் 5 செ.மீ. தூரம்தான். பாரத்தைத் தூரத்தால் பெருக்கினால் வரும் திருப்புத்திறன் (சுழற்றும் விளைவு) இரண்டு பக்கமும் சமமாக வேண்டும். அதனால் 20×40÷5 = 160, சரிதானே?

அப்புறம், குனிந்த உடம்பின் மேல்பாதி எடையை விட்டுவிட்டீர்கள். சேர்த்தால் இன்னும் ஏறும். பெட்டியை வயிற்றோடு அணைத்து 25 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள், 160 என்பது 100 ஆகிவிடும்.

கூடையைத் தலையில் சுமந்து நடக்கும் மீன்கார அக்காக்களுக்கும் கட்டாயம் கணக்குப் போடுங்கள். பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே. திருப்புத்திறன் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் கழுத்து முள்ளெலும்புகள் முழு எடையையும் வாங்குகின்றன.