ஆஷா சேச்சி சொன்னா கேக்கலாமா?

கேள்வி: அக்கா, எங்க வீடு பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை பக்கம். ஆஷா சேச்சி, அதான் வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர், அடிக்கடி வந்து டிரம், ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு, பூந்தொட்டின்னு ஒண்ணு விடாம டார்ச் அடிச்சுப் பாக்கறாங்க. போன வாரம் கொசுப்புழு இருக்குன்னு ரெண்டு டிரம் தண்ணிய கொட்டச் சொல்லிட்டாங்க. இங்க லாரித் தண்ணி வர்றதே நாலு நாளைக்கு ஒருக்கா. "பத்தாவது படிச்சவளுக்கு என்ன தெரியும், டாக்டர் வந்து சொல்லட்டும்"னு அத்தை சண்டைக்கு நிக்கறாங்க. நான் யார் பேச்ச கேக்கறது?

பதில்: அம்மணி, அத்தை கோவப்படறது நியாயந்தான், தண்ணி அருமை தெரிஞ்சவங்க. ஆனா சேச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. டெங்கு கொசு சாக்கடையத் தேடிப் போகாது, நாம பொத்திப் பொத்தி வச்சிருக்கற நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், அது கொசுவாகறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனாலதான் கேரளாவுல வாராவாரம் டிரை டே, அதாவது தேங்கின தண்ணிய கொட்டிக் காய வைக்கற நாள், வெள்ளி ஸ்கூல், சனி ஆபீஸ், ஞாயிறு வீடுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. 'உறவிட நசீகரணம்'னு மலையாளத்துல சொல்லுவாங்களே, கொசு பொறக்கற எடத்தையே அழிக்கறது, சேச்சி வர்றது அதுக்குத்தான்.

கொட்ட மனசு வரலைன்னா பழைய வேட்டித் துணிய மடிச்சு வடிகட்டுங்க, புழு துணியில நின்னுரும், காஞ்ச மண்ணுல ஒதறிட்டா செத்துரும். அதோட விட்றாதீங்க. முட்டை டிரம்மோட உள்பக்கம் தண்ணி மட்டத்துக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல சாகாது, மறுபடி தண்ணி பட்டா பொரிச்சுரும். தேங்கா நார் போட்டு அழுத்தித் தேச்சுக் கழுவிட்டு அப்புறம் ஊத்தி, துணி கட்டி மூடுங்க. நான் முப்பது வருஷம் நர்ஸா இருந்தவ, இந்த நார் விஷயத்த எனக்கே மண்டையில ஏத்துனது ஒரு ஆஷாதான்.

2005ல இந்த ஆஷா திட்டம் வந்தப்போ ஆயிரம் பேருக்கு ஒரு ஆஷான்னு கணக்கு. அந்த ஆயிரம் பேர்ல யாருக்கு மூணு நாளா காய்ச்சல், யாரு ரெண்டு வாரமா இருமிட்டு சளி டெஸ்டுக்குப் போகாம இருக்காங்கன்னு எந்த டாக்டருக்குத் தெரியும் சொல்லுங்க? வைத்தியம் பாக்கறது அவங்க வேலை இல்ல, நேரத்துக்கு டாக்டர்கிட்ட அனுப்பறது அவங்க வேலை. நான் வேலை பாத்த ஊர்ல ஒரு பையனுக்கு காய்ச்சல் விட்டுருச்சுன்னு வீட்ல நிம்மதியா இருந்தாங்க, டெங்குல அப்பத்தான் ஆபத்தே, வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், சோந்து சோந்து படுக்கறது எல்லாம் அப்பத்தான் வரும். பையன் எந்திரிக்காம கிடக்கறத பாத்து ஆட்டோ புடிச்சு அனுப்பி வச்சது அந்த ஊர் ஆஷா. பொழச்சுக்கிட்டான்.

கேள்வி: வீட்டுக்காரர் நெல் வயல்ல சேத்துல நிக்கறவர். எலிக்காய்ச்சலுக்குன்னு வாரம் ஒரு மாத்திரை குடுத்துருக்காங்க, காய்ச்சலே இல்லாம எதுக்குங்க?

பதில்: காய்ச்சல் வராம இருக்கத்தான்மா. எலி மூத்திரம் கலந்த சேத்துல இருந்து கால் வெடிப்பு, புண்ணு வழியா கிருமி உள்ள போயிரும். அவங்க குடுத்த மாத்திரை டாக்ஸிசைக்ளின், 200 மில்லிகிராம், சேத்துல எறங்கற காலத்துல வாரம் ஒருக்கா. சாப்பிட்டுட்டு ஒரு சொம்பு தண்ணியோட போடச் சொல்லுங்க, போட்ட ஒடனே படுக்க வேண்டாம், நெஞ்செரிச்சல் வரும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் இதையே எடுத்துக் குடுத்துறாதீங்க, அவங்களுக்கு வேற மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.