சிகிச்சை முடிந்த பிறகும் அழுகை நிற்கவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 44. கோத்தகிரி அருகே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கோவையில் தங்கிக் கதிர்வீச்சு எடுத்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நோய் இல்லை என்கிறார்கள். ஆனால் தூக்கம் வருவதில்லை; திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது; தினமும் அழுகிறேன். நோய் கணவருக்கு ஒட்டுமோ என்ற பயத்தில் அவரிடமிருந்து விலகியே இருக்கிறேன். உயிர் பிழைத்தும் அழுவது நன்றிகெட்டதனமா?

பதில்: நிச்சயமாக இல்லை, அம்மா. சிகிச்சை நாட்களில் அன்றன்றைய பாட்டைக் கடப்பதிலேயே குறியாக இருந்த மனம், வீடு திரும்பிய பிறகுதான் தான் பட்ட அச்சத்தை உணரத் தொடங்குகிறது.

இதில் உடலின் பங்கும் பெரிது. இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சினைப்பைகளையும் செயலிழக்கச் செய்வதால், இயல்பாகப் பல ஆண்டுகளில் மெல்லக் குறைய வேண்டிய ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் சில மாதங்களுக்குள் வற்றிவிடுகிறது. மலையில் உறைபனி விழும் இரவிலும் உங்களுக்கு வேர்ப்பதும், தூக்கம் கலைவதும், மனம் எளிதில் உடைவதும் இதனோடு தொடர்புடையவை. கருப்பைவாயின் தட்டையான மேற்பரப்புச் செல்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் வகைப் புற்றாக இருந்தால், வற்றிய ஹார்மோனை ஈடுசெய்யும் ஹார்மோன் மாற்று மருந்து பெரும்பாலும் தடை செய்யப்படுவதில்லை. பயாப்சி அறிக்கையைக் காட்டி, உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

புற்றுநோய் உறவால் ஒட்டாது. பெற்ற கதிர்வீச்சும் உடலில் தங்கியிருக்காது. இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ், மணவாழ்வில் இருக்கும் மிகப் பலருக்கு எப்போதாவது வந்து தானே மறைவது. சிலருக்கு மட்டும் நிலைத்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. அதை வைத்து உங்கள் ஒழுக்கத்தையோ கணவரின் ஒழுக்கத்தையோ எடைபோட முடியாது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பின் பிறப்புறுப்பு வறண்டு சுருங்குவதால் உறவின்போது வலிக்கக்கூடும். நீர் சார்ந்த வழவழப்பு ஜெல்லும், பாதை சுருங்காமல் காக்கும் விரிப்பான் கருவியும் இதற்கு உதவும். ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருக்கும் லயன் வீட்டில் இதற்குத் தனிமை கிடைப்பது கடினம் என்று அறிவேன்; ஆயினும், தொடர் பரிசோதனை வலியின்றி நடப்பதற்கும் இது தேவை என்பதால் விட்டுவிடாதீர்கள். இவற்றை நோயாளி கேட்கும்வரை காத்திராமல் நாங்களே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள் முழுதும் சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஆலோசனையாலும் மருந்தாலும் அது குணமாகும். மருந்து பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். ஊட்டி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். ஊட்டிக்குப் போக இயலாத நாளிலும், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றும் நொடியிலும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மீண்டும் இரத்தப்போக்கோ கால் வீக்கமோ கண்டால், அடுத்த தவணைவரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த பரிசோதனைக்குக் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நோய் ஒட்டாது என்பதை மருத்துவர் வாயால் அவரும் கேட்கட்டும். உங்கள் விலகலுக்குக் காரணம் வெறுப்பன்று, பயம் என்பது அவருக்கு இன்னும் தெரியாமலே இருக்கக்கூடும்.