எடையில் அடித்ததை ஆண்டவரிடம் மட்டும் சொன்னால் போதுமா?

கேள்வி: பாறசாலை பக்கம் ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருக்கிறேன். பல வருஷம் எடையில் கைவைத்தேன். தினமும் ஜெபத்தில் அறிக்கையிட்டும் மனம் ஆறவில்லை. உபவாசக் கூட்டம் நடத்தும் ஊழியர் ஒருவர், மேடையில் சாட்சி சொல்லி ‘விடுதலைக் காணிக்கை’ வைத்தால்தான் கட்டு அவிழும் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். பாவ அறிக்கைக்குக் கட்டணம் கிடையாது. 1 யோவான் 1:9 கேட்பது அறிக்கையை மட்டும்தான். தொகை சொல்லுகிறவர், ‘உன் பாவம் தரிசனத்தில் தெரிந்தது’ என்று தனியே அழைக்கிறவர், இவர்கள் எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. மேடையில் நீங்கள் சொல்வது வீடியோவாகி ஊரெல்லாம் சுற்றும். உங்களிடம் ஷீட் போட்டு ஏமாந்தவருக்கோ ஒரு ரூபாய்கூடத் திரும்பாது.

மனம் ஏன் ஆறவில்லை? ‘நான் பாவி ஆண்டவரே’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் ஊர் மலையாளத்தில் இதற்கு ‘ஏற்றுபறயுக’ என்பார்கள்: ஏற்றுக்கொண்டு சொல்வது. அப்படியே சொல்லுங்கள். ‘ஈரம் என்று நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ கழித்தேன், நாலாம் தரத்தை ஐந்தாம் தரமாக எழுதினேன்.’ எந்த மொழியில் மனசுக்குள் கணக்குப் போடுகிறீர்களோ அந்த மொழியில் சொன்னால் போதும். கூட்டாளி செய்ததை இழுக்காதீர்கள்.

நீதிமொழிகள் 28:13 ‘அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ’ என்கிறது. விடுவது என்றால் முதலில் தராசு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் நாளைக்கே வைத்துவிடுங்கள்.

அடுத்தது பணம். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. இரண்டு கிலோ, அன்றைக்குக் கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் முதல் 360, ஐந்தில் ஒன்று 72, ஆக 432. பழைய நோட்டை எடுத்து ஆள் ஆளாகக் கணக்குப் போடுங்கள். மொத்தமாக ஒரு தொகையை உண்டியலில் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. ஏமாந்தவர் இறந்து, வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் அந்தத் தொகை கர்த்தருக்குச் சேரும் என்று அடுத்த வசனம் சொல்கிறது. காணிக்கை கேட்கிறவர் இதைக் காட்டக்கூடும், கவனம். இனத்தான் இல்லை என்றால் மனைவி, மக்கள், உடன்பிறந்தார், அவர்கள் பிள்ளைகள் யாருமே இல்லை என்று பொருள். மகன் வளைகுடாவில் இருக்கிறான், விலாசம் தெரியாது என்பதெல்லாம் இதில் வராது. அக்கம்பக்கத்தில் கேட்டால் நம்பர் கிடைக்கும். நிஜமாகவே ஒருவரும் இல்லையென்றால் சபையில் ரசீதுபோட்டுக் கொடுங்கள். தனியாள் கையில் வேண்டாம்.

கத்தோலிக்கர் என்றால் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு நேரில் போக வேண்டும், போனில் செல்லாது. அங்கேயும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் சொல்வார்கள்.

இதெல்லாம் சபையில் முழு உறுப்பினராகச் சேருமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பிலேயே சொல்லித்தந்திருக்க வேண்டும். ஆராதனையில் பாவ அறிக்கையை ஒரு நிமிஷத்தில் ஒப்பித்து முடிக்கிறோம். சபைத் தேர்தல் கணக்குக்கோ இரவெல்லாம் உட்காருகிறோம். பிறகு ஜனம் மேடை ஊழியரிடம் ஓடாமல் என்ன செய்யும்?

பணத்தைக் கடைத்தெருவில் வைத்து நீட்டாதீர்கள். வீட்டுக்குப் போய், ‘எடையில் தப்பு செய்தேன், இது உங்களுக்குச் சேர வேண்டியது’ என்று சொல்லிக் கொடுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்து முடித்ததும் நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். அடித்த பெயருக்காக மறுபடி அறிக்கையிட வேண்டாம்.