டொமினோவைத் துரத்தாதீர்கள்

கேள்வி (கல்முனையிலிருந்து): ஐயா, நாலடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் விரல்நகம் அளவில் ஒரு டொமினோ மீன் (கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு) வாங்கினேன். இப்போது அது என் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிட்டது. நீமோச் சோடியை (கோமாளி மீன்கள்), அதுகள் தங்கும் கடல்சாமந்திக்கு (பூப்போல விரியும் கடலுயிர்) கிட்டவே விடுவதில்லை. புதிதாக விட்ட இரண்டு மீன்கள் வால் கிழிந்து மூலையில் ஒதுங்கிச் செத்துவிட்டன. மூன்று நாளாக வலையோடு நிற்கிறேன். கல்லெல்லாம் ஒட்டிக் கட்டியது, கழற்ற மனமில்லை. எப்படிப் பிடிப்பது? பிடித்தபின் கடலில் விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த வலையைக் கொண்டுபோய் அறைக்குள் வையுங்கள். ஒரு கிழமைக்கு அதை அந்த மீன் காணவே கூடாது. உங்கள் தொட்டியில் எந்தப் பொந்து எங்கே போய்த் திறக்கிறது என்பது அதற்கு அத்துப்படி. துரத்தத் துரத்த இன்னும் உசாராகும். பிறகு நீங்கள் மூடியைத் திறந்தாலே உள்ளே போய்விடும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. சின்ன வயதில் மட்டக்களப்பு வாவியில் அத்தாங்கு போட்டு இறால் பிடித்தவன் நான். ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கிடக்கிற மீனைப் பிடிப்பது பெரிய வேலையா என்று நினைத்து, கல்லடி வீட்டு விறாந்தையில் ஒரு பின்னேரம் முழுக்க வலை போட்டேன். டொமினோ அகப்படவில்லை. நண்பர் வெட்டித் தந்து இரண்டு வருடமாக வளர்த்த காளான் பவளம் கல்லோடு பெயர்ந்து விழுந்தது. நீமோ ஒன்று பயத்தில் துள்ளி வெளியே விழுந்ததை விடிந்தபிறகுதான் கண்டோம். "ஒரு மீனப் பிடிக்கப்போய் எல்லாத்தையும் கலக்கிப்போட்டாய் மகன்" என்று அம்மா சொன்னா. அந்த நீமோவை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கும்.

மறுகா செய்ததைச் சொல்கிறேன். அதையே நீங்களும் செய்யுங்கள்.

பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்) தகட்டில் ஒரு அடி நீளம், அரை அடி அகலம், அரை அடி உயரத்தில் ஒரு பெட்டி செய்யுங்கள். தண்ணீர் ஓடுவதற்குச் சுற்றிவரத் துளை போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேலும் கீழும் வழுக்கும் கதவு. கதவின் தலையில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) கட்டி, தொட்டிக்கு வெளியே நீங்கள் உட்காரும் கதிரை வரைக்கும் இழுத்து வையுங்கள். தங்கூசியை விட்டால் கதவு தன்பாட்டில் விழவேண்டும். தண்ணீருக்குள் மெதுவாக இறங்கினால் கீழ்விளிம்பில் ஒரு கனமான பெர்ஸ்பெக்ஸ் துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். உலோகம் எதுவும் வேண்டாம். ஒட்டுவதற்கு சிலிக்கன் வாங்கும்போது பூஞ்சணத் தடுப்பு மருந்து கலக்காததா என்று பார்த்து வாங்குங்கள். மருந்து கலந்தது தொட்டியையே கெடுக்கும். நன்றாகக் காயவிட்டு, ஒரு நாள் உப்புத்தண்ணீரில் ஊறவைத்த பிறகே உள்ளே இறக்குங்கள்.

பெட்டியை வைத்த அன்றைக்கே பிடிக்க நினைக்காதீர்கள். கதவைத் திறந்தபடி கட்டிவிட்டு, அன்றிலிருந்து டொமினோவின் சாப்பாட்டை அந்தப் பெட்டிக்குள் மட்டும் போடுங்கள். மற்றதுகளுக்குத் தொட்டியின் மறு கோடியில் போடலாம். உறைந்த கூனி இறாலை உருக்கிப் போட்டால் வாசத்துக்கே வரும். முதல் இரண்டு மூன்று நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும். பிறகு தலையை நீட்டி ஒரு வாய் கவ்விக்கொண்டு ஓடும். என்னுடையது ஒன்பதாம் நாள் பெட்டிக்குள்ளேயே நின்று, கிட்ட வந்த மற்ற மீன்களை விரட்டத் தொடங்கியது. அந்தப் பெட்டியையும் தன் வளவாக்கிக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகும் இரண்டு நாள் பொறுத்துத்தான் தங்கூசியை விட்டேன். முழு உடம்பும் உள்ளே இருக்கவேண்டும். ஒருமுறை தவறவிட்டால் மறுபடி நம்பவைக்கப் பல நாள் போகும்.

உள்ளே போகவே மறுத்தால், பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டிக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, வெளியிலிருந்து ஒரு சின்ன முகக்கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். தன் உருவத்தை வேறொரு டொமினோ என்று எண்ணிச் சண்டைக்குப் போகும். இந்த இனத்தின் கோபம் முழுக்கத் தன் இடத்தைக் காக்கிற கோபம்தான். அதைக் கெட்ட மீன் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

பிடித்ததும் வலையில் அள்ளவேண்டாம். முதுகுமுள் வலைக்கண்ணில் சிக்கிக் காயப்படும். பெட்டியோடு தூக்கி, அதே தொட்டித் தண்ணீர் நிறைத்த வாளிக்குள் இறக்குங்கள். வாளிக்கு மூடியும் காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல்லும் தேவை.

இரவில் பிடிக்கிற வழியும் இருக்கிறது. டொமினோ பெரும்பாலும் ஒரே பொந்தில்தான் தூங்கும். விளக்கணைத்து இரண்டு மணித்தியாலம் கழித்து, டோச்சுக்குச் சிவப்புத்தாள் ஒட்டிப் பாருங்கள். அந்தப் பொந்து ஒட்டாத தனிக்கல்லில் இருந்தால், மீன் உள்ளே இருக்கும்போதே கல்லோடு வாளிக்குள் தூக்கிவிடலாம். உங்கள் கல் ஒட்டியது என்பதால்தான் பெட்டியை முதலில் சொன்னேன்.

சிறு தூண்டிலின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டும் சிலர் பிடிப்பதுண்டு. எனக்கு விருப்பமில்லை, விழுங்கிவிட்டால் மீன் தப்பாது. கராம்பெண்ணெயைப் பொந்துக்குள் பீச்சச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மீன் மயங்கும்தான். ஆனால் பொந்தின் அடியில் மயங்கிக் கிடப்பதை எப்படி எடுப்பது? பக்கத்துப் பவளங்களுக்கும் கேடு.

அடுத்து, கடல். இல்லை தம்பி, விடவே கூடாது. டொமினோ நம் கடலிலும் இருக்கிற மீன்தான். ஆனால் உங்கள் மீன் மூன்று வருடம் எங்கெங்கிருந்தோ வந்த மீன்களோடு ஒரே தண்ணீரில் இருந்திருக்கிறது. அதுகளின் வெண்புள்ளி நோயையும் மற்ற ஒட்டுண்ணிகளையும் அது சுமந்துகொண்டு போகலாம். இன்னொன்றையும் யோசியுங்கள். இந்து, பசிபிக் கடல்களுக்குரிய சிங்கமீனை 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் கண்டார்கள். வளர்த்தவர்கள் விட்டதால் வந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி, அங்குள்ள குஞ்சுமீன்களைத் தின்று தீர்க்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பெரிய, முரட்டு மீன்கள் வளர்க்கிற ஒருவரிடம் கொடுங்கள். அதுவரை தனித்தொட்டியில், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த்துண்டு போட்டு வைத்திருக்கலாம்.

ஒன்றை மறந்துவிட்டேன். இன்னொரு டொமினோவும் உள்ளே இருக்கிறதா? இருந்தால் அதையும் எடுங்கள். பெரியது போன மறுநாளே சின்னது அந்த இடத்துக்கு வந்துவிடும்.

கேள்வி (வாழைச்சேனையிலிருந்து): ஐயா, கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த குட்டி மீன் கடையில் பார்த்தேன், ஆசையாக இருக்கிறது. என் இரண்டடித் தொட்டிக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம் மகள். மேலே கல்முனைத் தம்பி பிடிக்கப் பாடுபடுகிற மீன் அதுதான். வளர வளர அந்தப் பொட்டுகளும் மங்கிவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே பாசிக்குடா. சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியாகி, தண்ணீர் தெளிந்ததும், நீந்தத் தெரிந்த ஒருவரோடு நீச்சல் கண்ணாடி போட்டு முருகைக்கல் பக்கம் போய்ப் பாருங்கள். கடல்சாமந்தியைச் சுற்றி அந்தக் குட்டிகள் கூட்டமாக நிற்கும். கிட்டப் போனால் எல்லாம் ஒன்றாகச் சாமந்திக்குள் ஒளிந்து, கொஞ்சம் பொறுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். கல்லில் மட்டும் கால் வைக்காதீர்கள்.