மாயா, அஸ்டெக் பத்தி என்ன வேணா கேளுங்க

கே: அண்ணா, மாயாவும் அஸ்டெக்கும் ஒண்ணுதானா?

ப: இல்லப்பா, ரெண்டு பேரும் இன்னைக்கு மெக்சிகோ, குவாத்தமாலா இருக்குற பக்கத்துல வாழ்ந்தவங்கதான், ஆனா வேற வேற ஜனங்க, பாஷையும் வேற. குவாத்தமாலால இருக்குற திக்கால் மாதிரி மாயா நகரமெல்லாம் ஓஹோன்னு இருந்தது கி.பி. 250லேர்ந்து 900 வரைக்கும், அஸ்டெக்காரங்க அவங்க தலைநகரம் தெனோச்தித்லானை ஏரிக்கு நடுவுல கட்ட ஆரம்பிச்சதே 1325 வாக்குலதான், 1521ல ஸ்பெயின்காரங்க பிடிச்சுட்டாங்க. அது மேலதான் இன்னைக்கு மெக்சிகோ சிட்டி இருக்கு. 1978ல கரண்ட் வேலைக்குக் குழி தோண்டுனவங்களுக்கு ஒரு கல்லு தட்டுப்பட்டுச்சு, மூணேகால் மீட்டர் அகலம், அஸ்டெக்காரங்க கும்பிட்ட கொயொல்ஷௌகி தேவியோட தலை, கை, கால் எல்லாம் துண்டு துண்டா செதுக்குன வட்டக்கல். அங்க இருந்த அஸ்டெக் பெரிய கோயிலை முழுசா தோண்ட ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான்.

கே: சார், மாயா எழுத்து படம் படமா இருக்கே, எப்படி படிச்சாங்க?

ப: இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1562ல தியேகோ தெ லாண்டாங்குற பாதிரியார் மாயா ஏடுகளைக் குவிச்சு எரிச்சாரு, நெனச்சாலே வயிறு எரியுது, ஆனா அவரே எழுதி வச்ச எழுத்துப் பட்டியலை வச்சுதான் 1952ல சோவியத் அறிஞர் யூரி க்னோரோசோவ் படிக்குற வழியைக் கண்டுபிடிச்சாரு. நிறைய குறிங்க நம்ம க, ல, வ மாதிரி ஒரு முழு அசை, அவ்ளோதான். குவாத்தமாலால ரியோ அசூல்ங்குற பழைய மாயா நகரத்துக் கல்லறைல ஒரு பானை கெடச்சுது, மூடியைத் திருகித்தான் திறக்கணும், அது மேல மீன் மாதிரி ஒரு குறி, அதை 'க'ன்னு படிக்கணும், சேர்த்துப் படிச்சா ககவ், அதான் கொக்கோ. உள்ள ஒட்டியிருந்த கறையை லேப்ல பார்த்தா நெசமாவே கொக்கோ! 1500 வருஷத்துக்கு முந்தின லேபிள்ங்க அது.

கே: இப்பவும் புதுசா ஏதாவது கெடைக்குதா?

ப: கெடைக்குதே. விமானத்துலேர்ந்து லேசர் அடிச்சு மரத்துக்குக் கீழ தரை எப்படி இருக்குன்னு பார்க்குறாங்க, லைடார்னு பேரு. அப்படித்தான் மெக்சிகோல கண்டுபிடிச்சு 2020ல அறிவிச்ச அகுவாதா ஃபெனிக்ஸ்ங்குற மாயா மேடை 1.4 கிலோமீட்டர் நீளம், கி.மு. 1000 வாக்குல கட்டுனது. அவ்ளோ பெருசா பரந்து கெடந்ததால கிட்ட போய் நின்னாலும் சாதாரண மேடாதான் தெரிஞ்சிருக்கு.

கே: மாயா ஜனங்க திடீர்னு மறைஞ்சுட்டாங்களாமே அக்கா சொன்னா?

ப: தயவுசெஞ்சு அப்படி சொல்லாதீங்கம்மா. மழை பொய்ச்சு, ஊருக்கு ஊரு சண்டை வந்து தெக்குப் பக்க நகரங்கதான் காலியாச்சு. ஜனங்க இருக்காங்க, கிச்சே, யுகத்தேக்னு அவங்க பாஷைங்களை இன்னும் லட்சக்கணக்குல பேசுறாங்க, இன்னைக்கும் மக்காச்சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேகவச்சு, ராத்திரி ஊறப்போட்டு, காலைல தோலைக் கசக்கிக் கழுவி அரைச்சு ரொட்டி தட்டுறாங்க.